மழை லீவு யாருக்கு லீவு?



"ஐப்பசியில் அடை மழை" என்பார்கள் பெரியவர்கள். தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால்தான் கிடைக்கிறது என்று புவியியலில் படிக்கிறோம். ஆனா நம்ம டெல்டா பிள்ளைகளுக்கு ஐப்பசி என்றால் முதலில் ஞாபகம் வருவது மழை லீவு! கலெக்டர் லீவு விட்டுட்டார்னு டிவியில் எழுத்து ஓடினா போதும், தெருவே அதிரும். அதுவும் வெள்ளிக்கிழமை விட்டு, சனி ஞாயிறும் சேர்ந்துக்கிட்டா கேட்கவே வேணாம்.

நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்விதான். அந்த மூணு நாள் லீவு வீட்டில் யார் யாருக்குக் கிடைக்குது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவு விடுவது பள்ளிக்கூடத்துக்கு. வீட்டுக்கு இல்லை. மழை நாளில் வீட்டு வேலை குறையாது, கூடும். கூடுகிற வேலையை வீட்டில் இருக்கிற எல்லாரும் பிரிச்சுக்கணும். எல்லாரும் என்றால் ஆண் பிள்ளைகளும்தான்.

எப்படிக் கூடும் என்கிறீர்களா? மழை நாளில் காற்றிலேயே ஈரம் நிறைஞ்சிருக்கும். அதனால துணியிலிருக்கிற ஈரம் சீக்கிரம் ஆவியாகிப் போகாது. வெயில் நாளில் ஒரே தடவை கொடியில் போட்டு எடுக்கிற துணியை, மழை நாளில் கூடத்தில் கயிறு கட்டிப் போட்டு, திருப்பிப் போட்டு, ஃபேனுக்கு அடியில் மாத்தி மாத்திப் போடணும். ஓட்டு வீடு என்றால் ஒழுகுற இடத்தில் குண்டான் வைக்கணும், நிறைஞ்சா கொட்டணும். ஒவ்வொருத்தரும் சேத்துக் காலோட உள்ளே வர வர, தரையைத் துடைச்சுக்கிட்டே இருக்கணும். கரண்ட் போயிட்டா கிரைண்டர் ஓடாது, அம்மிதான். இதுக்கு நடுவுல எல்லாரும் வீட்டிலேயே இருப்பதால், "அம்மா, பசிக்குது", "அம்மா, சூடா ஏதாவது போடேன்" என்று மணிக்கொரு தடவை குரல் வரும்.

வெறும் வாயால் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதனால போன மழை லீவில் சனிக்கிழமை அன்று பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, எங்க வீட்டில் யார் எவ்வளவு நேரம் என்ன வேலை செய்தார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். அம்மாவுடைய கணக்கு இது:

வாசல் சேறு தள்ளிக் கூட்டியது – 25 நிமிஷம்
காலை டிபன், டீ – 75
மதியச் சமையல் – 90
சாயங்கால டீயும் வடையும் – 40
ராத்திரிச் சாப்பாடு – 60
மூணு வேளைப் பாத்திரம் – 60
ஒழுகல் தண்ணி கொட்டி, தரை துடைத்தது – 40
துணி துவைத்து உலர்த்தியது – 70
மாட்டுக் கொட்டகை – 50

கூட்டிப் பாருங்கள், 510 நிமிஷம். எட்டரை மணி நேரம்! நம்ம பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடு 40 நிமிஷம், நாளைக்கு 8 பீரியடு. அம்மா அன்னைக்குச் செய்தது பன்னிரண்டே முக்கால் பீரியடு. நடுவுல இன்டர்வெல் பெல் அடிக்கவே இல்லை.

அப்பா கணக்கையும் மறைக்காம சொல்லணும். சம்பாப் பயிர் மூழ்காம இருக்க கொட்டுற மழையில் வரப்பை வெட்டித் தண்ணியை வடிய விட்டது 180 நிமிஷம். கூரையில் உடைஞ்ச ஓடு மாத்தினது 45. என் பேருக்கு 150 நிமிஷம். தம்பி பேருக்கு 10. கடைக்குப் போய் முட்டை வாங்கி வந்தான்!

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. ஆறு வயசுக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளை எப்படிச் செலவு பண்ணுகிறார்கள் என்று கேட்டு எழுதிய கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில், 2019-இல் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செய்தார்கள். 2024-இல் பெண்கள் 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு, சந்தோஷம். ஆனா ஆண்கள் செய்வதும் ஒன்பது நிமிஷம் குறைஞ்சிருக்கு. ஆக, இடைவெளி அப்படியேதான் இருக்கு!

வீட்டு வேலையும் வேலைதான் என்பதை அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியபோது, அதற்கு "உதவித் தொகை" என்று பேர் வைக்கவில்லை. "உரிமைத் தொகை" என்றுதான் வைத்தார்கள். அந்த ஒரு வார்த்தையை யோசிச்சுப் பாருங்க.

இதையெல்லாம் சொன்னா சில பேர் பதில் வச்சிருப்பாங்க. "பொம்பளப் புள்ள வேலை கத்துக்கிட்டா பின்னாடி அதுக்குத்தானே நல்லது" என்பாங்க எங்க அப்பாயி. நல்லதுதான், நான் மறுக்கலை. நல்ல விஷயம் என்றால் தம்பிக்கும் கொடுங்களேன்! நாளைக்கு அவன் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலைக்குப் போய் ரூம் எடுத்துத் தங்கினா, சாதம் வடிக்கத் தெரியாம தினமும் ஹோட்டலுக்கா ஓடுவான்? "ஆம்பளைங்களுக்கு வெளி வேலை இருக்கே" என்பதும் பாதி நியாயம். அப்பாவுக்கு இருந்தது. ஆறாவது படிக்கிற தம்பிக்கு மழை நாளில் என்ன வெளி வேலை?

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. மழை லீவில் ஆசிரியர்கள் "வீட்டில் இருந்து படிங்க" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தச் சனிக்கிழமை என் 150 நிமிஷம் என்பது கிட்டத்தட்ட நாலு பீரியடு. ஒரு பருவமழைக் காலத்தில் இப்படி ஆறு ஏழு நாள் லீவு வந்தா கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், ஒரே கேள்வித்தாள். ஆனா படிக்கக் கிடைத்த நேரம் மட்டும் ஒன்றா இல்லை. ரிசல்ட் வந்த பிறகு "பொண்ணுங்க ஏன் கணக்கில் கம்மி" என்று கேட்டா என்ன பதில் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசலை. ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு, "நீ துணியைப் பாத்துக்க, நான் கொட்டகையைப் பாத்துக்கறேன்" என்றார். அப்பாயி, "ஆம்பளப் புள்ள கையில துணிய குடுக்கறியே" என்று முணுமுணுத்தாங்க. ஆனா தம்பி மடிச்ச துண்டை முதலில் வாங்கித் தலை துவட்டிக்கிட்டதும் அவங்கதான்! அன்னைக்கு அம்மா கணக்கில் 80 நிமிஷம் குறைஞ்சுது. அந்த நேரத்தில் அம்மா திண்ணையில் உட்கார்ந்து எங்க அம்மாச்சியோட போனில் பேசினாங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாங்க. 80 நிமிஷத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கு.

நண்பர்களே, வீட்டோட சண்டை போடுங்க என்று நான் சொல்லவில்லை. அடுத்த மழை லீவில் ஒரு பேப்பரில் கணக்கு எழுதுங்க. அவ்வளவுதான். எழுதினதை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சத்தமாப் படிங்க.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வேலையை இப்பவே சொல்லித் தர்றேன். மழை விட்டதும் வீட்டைச் சுத்தி ஒரு ரவுண்டு வாங்க. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, உடைஞ்ச குடம் எல்லாவற்றிலும் தண்ணி நிக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணியில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது. முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கிட்டிருக்கும், காய்ஞ்சாலும் மாதக்கணக்கில் சாகாது. ஓரத்தைத் தேய்ச்சுக் கழுவணும். வாரம் ஒரு நாள், அரை மணி நேர வேலை. குடும்பத்தையே காப்பாத்துற வேலை. இதைச் செய்ய ஆணா பெண்ணா என்று கொசு கேட்காது!

மழை பணக்காரர், ஏழை என்று பார்த்துப் பெய்யுதா? எல்லார் வீட்டு வாசலிலும்தான் பெய்யுது. அது கொண்டு வர்ற லீவும் வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாவது கிடைக்கட்டுமே. என்ன சொல்றீங்க?

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி