பொரி உருண்டைக்கு ஒரு நாள் இருந்தது



பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும், அந்த 14 கிலோமீட்டரில் பசியோடு நடப்பது கஷ்டம். அக்னி லிங்கத்தைத் தாண்டுவதற்குள் யாராவது தண்ணீர் பாட்டிலை நீட்டிவிடுவார்கள். செங்கம் சாலையில் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, "வாங்க சாமி, சாப்பிட்டுப் போங்க" என்று புளிசாதம் போடுவார்கள். தொன்னையில் சூடாக விழுந்த சாம்பார் சாதத்தை ஊதி ஊதிச் சாப்பிட்டபடி நடப்பதே தனி ருசி. முன்பின் தெரியாதவருக்கு இப்படி அள்ளிக் கொடுக்கிற மனசு நம் ஜனங்களுக்கு இருக்கிறதே, அதைப் பார்க்கவே ஒருமுறை போய் வரலாம்.

இப்போது அந்த அண்டாக்களுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகளும் வந்து உட்கார்ந்துவிட்டன. கிரீம் பிஸ்கட், கப் கேக், ஸ்ட்ரா ஒட்டிய டப்பா ஜூஸ். கொடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாக்கெட் கெடாது, கொட்டாது. அடுப்பு வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். வாங்குபவரும் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டலாம். ஆனால் அப்பா தோளில் உட்கார்ந்து வரும் குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? சாம்பார் சாதத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாக்கெட் என்றால் இரண்டு கையும் நீளும்.

வீட்டில் நடப்பதுதான் வீதியிலும் நடக்கிறது. நம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போமே. எவர்சில்வர் டப்பாக்களில் பருப்பு, உளுந்து, ரவை. அவற்றுக்கு முன்னால் கை எட்டும் இடத்தில் என்ன இருக்கிறது? நூடுல்ஸ், சிப்ஸ், பிஸ்கட், பாலில் கலக்கும் பவுடர், கெச்சப்.

இந்தப் பாக்கெட் சாமான்களில் பெரும்பகுதிக்குத்தான் 'அல்ட்ரா பிராசஸ்டு' உணவு என்று பெயர். பிரேசில் நாட்டின் சாவோ பாலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மோன்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் 2009 வாக்கில் உணவுகளைப் புதிய விதத்தில் வகை பிரித்தார்கள். ஓர் உணவில் என்ன சத்து, எவ்வளவு கொழுப்பு என்பதோடு நிற்காமல், அந்த உணவு எப்படித் தயாராகிறது என்று கேட்டார்கள். அரிசியைக் குத்துவது, மாவு அரைப்பது, பாலைத் தயிராக்குவது, மாங்காயை ஊறுகாய் போடுவது எல்லாமே ஒருவிதப் பதப்படுத்தல்தான். அதில் பயப்பட ஒன்றுமில்லை. தானியத்தையும் கிழங்கையும் பிரித்து மேய்ந்து, மாவுச்சத்தையும் சர்க்கரைப் பாகையும் எண்ணெயையும் தனித்தனியாக எடுத்து, நிறமும் மணமும் சேர்த்து மறுபடியும் ஒட்டவைக்கிற உணவுதான் அவர்கள் பிரித்த கடைசி வகை, அல்ட்ரா பிராசஸ்டு.

கண்டுபிடிப்பது எப்படி? பாக்கெட்டைத் திருப்புங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது சட்டம். ஒரு சாதாரண கிரீம் பிஸ்கட்டில் மைதா, சர்க்கரை, பாமாயில் இந்த மூன்றும்தான் முன்வரிசை. பிறகு இன்வர்ட் சிரப், 322 என்று ஒரு எமல்சிஃபையர், 503 என்று ஒரு மாவு உப்பவைக்கும் பொருள், செயற்கை வாசனை. அந்தப் பட்டியலில் உங்கள் சமையலறையில் இல்லாத பெயர்கள் எத்தனை என்று பாருங்கள், போதும். படிக்கக் கண்ணாடி தேவைப்படும். அவ்வளவு சின்ன எழுத்து!

"எல்லாம் அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்பார்கள். சிக்கலே அங்கேதான். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து ஒரு சோதனை செய்து 2019-ல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. பரிமாறிய தட்டுகளில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம், எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் வைக்கலாம். பாக்கெட் வகை உணவு சாப்பிட்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது. சமைத்த உணவில் அதே அளவு இறங்கியது. வேகமாகச் சாப்பிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். மெல்ல வேண்டிய வேலையே இல்லாமல் வாயில் கரைந்துவிடும்போது, வயிறு 'போதும்' என்று சொல்வதற்குள் பாக்கெட் காலியாகிவிடுகிறது. யாரும் வேண்டுமென்றே அளவு மீறுவதில்லை. அளவு தெரியாதபடி அந்த உணவு செய்யப்பட்டிருக்கிறது.

இனி சர்க்கரைக்கு வருவோம். ஒரு நாளைக்கு நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு ஸ்பூன் என்றால் தாராளம் மாதிரி தோன்றுகிறதா? டீக்கடையில் ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் விழும். மூன்று டீயோடு கணக்கு முடிந்தது. சாதாரண இனிப்பு பிஸ்கட்டில் நூறு கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை சர்க்கரை. கோலா வகைகளில் நூறு மில்லிக்குச் சுமார் 10 கிராம். ஒரு பாட்டிலைக் குடித்து முடித்தால் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்து கடனும் ஏறிவிடும்.

அந்தக் கடன் எங்கே வந்து நிற்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. தமிழ்நாட்டில் 20 வயது தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஏழு பேரில் ஒருவர். எல்லாவற்றுக்கும் பாக்கெட்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பரம்பரை இருக்கிறது, தட்டு நிறையச் சாதம் இருக்கிறது, நடையே இல்லாத வேலை இருக்கிறது. ஆனால் நம் கையில் இன்றைக்கே இருப்பது எது? வாங்கும் பட்டியல்தான்.

'சத்து' என்று போட்டிருந்தாலே நம்பிவிடுகிறோம் இல்லையா? 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர் போர்ன்விடா டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து ஒரு வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் விஷயம் பரவிவிட்டது. குழந்தைகள் உரிமை ஆணையம் கேள்வி கேட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்பெனியே கூடுதல் சர்க்கரையை 14.4 சதவீதம் குறைத்தது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. இத்தனைக்கும் ஆரம்பம், ஒருவர் டப்பாவைத் திருப்பிப் படித்ததுதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். "வெள்ளைச் சர்க்கரையை விட்டாச்சு" என்று சொல்லிவிட்டு இரண்டு மடங்கு நாட்டுச் சர்க்கரை போட்டுக் காபி குடித்தால் என்ன லாபம்? அதேபோல 'மில்லட்' பிஸ்கட், 'மில்லட்' நூடுல்ஸ். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம் அருமையான சாமை விளைகிறது. அதை வாங்கிப் பொங்கலோ உப்புமாவோ செய்தால் அது சிறுதானியம். மைதாவும் சர்க்கரையும் முன்வரிசையில் நிற்கும் பாக்கெட்டின் மேல் சாமைக்கதிர் படம் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

"வீட்டில் சமையுங்கள்" என்று ஆசிரியர் பக்கத்தில் எழுதிவிடுவது சுலபம். காலை ஆறு மணிக்கு அது யார் தலையில் விழுகிறது என்று எனக்குத் தெரியாதா? வேலைக்கும் போய், மூன்று டிபன் பாக்ஸும் கட்டும் பெண்ணிடம் போய் இன்னும் ஒரு அடுப்பை மூட்டச் சொன்னால் அது அநியாயம். ரமண மகரிஷி ஆசிரமச் சமையலறையில் விடிவதற்கு முன்பே உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார். அவரைக் கும்பிடப் போகும் ஆண்கள், வீட்டில் ஒருவேளை வெங்காயம் உரித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவருடைய 'நான் யார்?' நூலும், நியமங்களில் சிறந்தது என்று அளவான சாத்விக உணவைத்தான் சொல்கிறது.

சமைக்க நேரமே இல்லாத நாளுக்கும் வழி இருக்கிறது. திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்குப் பஞ்சமா? வேகவைத்து உப்புப் போட்டால் பிள்ளைகள் உரித்து உரித்துச் சாப்பிடும். வாழைப்பழம், கொய்யா, பொட்டுக்கடலை, அவல் தயிர். எதற்கும் அடுப்பு முன்னால் ஒரு மணி நேரம் நிற்கத் தேவையில்லை.

அப்படியானால் இனிப்பே கூடாதா? யார் சொன்னது! கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை, பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, கோகுலாஷ்டமிக்கு வெல்லச் சீடை, தைக்குச் சர்க்கரைப் பொங்கல். நம் பெரியவர்கள் இனிப்பை விலக்கவில்லை. ஒவ்வோர் இனிப்புக்கும் ஒரு நாளைக் கொடுத்திருந்தார்கள். மலைமேல் தீபம் தெரிந்த பிறகு வீட்டில் விளக்கேற்றி, பாகு சூட்டோடு உள்ளங்கை சிவக்கப் பிடித்த பொரி உருண்டை, அடுத்த கார்த்திகைக்குத்தான் திரும்ப வரும். அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. பாக்கெட்காரர்கள் செய்த பெரிய காரியம் இந்த நாளை அழித்ததுதான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கும், புதன்கிழமை ஸ்கூல் பஸ்ஸிலும் பண்டிகை. உடம்பு எத்தனை பண்டிகையைத் தாங்கும்?

ஆகவே என் யோசனை எளிது. இனிப்பை மறுபடியும் காலண்டரில் ஏற்றுங்கள். பண்டிகை, பிறந்தநாள், கல்யாணம் வந்தால் மனம் குளிரச் சாப்பிடுங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். மற்ற நாட்களில் பாக்கெட் வீட்டுக்குள் வரவேண்டாம். வாங்கி வைத்துவிட்டுக் குழந்தையிடம் "தொடாதே" என்று சொல்வது பலிக்காது, பெரியவர்களே ராத்திரி பதினொரு மணிக்குத் தேடிப் போவோம். டீயை விடவும் வேண்டாம். மாஸ்டரிடம் "சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பழகுங்கள். சில வாரங்களில் பழைய டீ திகட்ட ஆரம்பிக்கும். நாக்கு அவ்வளவு சீக்கிரம் மாறக்கூடியது.

சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகும்போது என்ன வாங்கிப் போகிறோம்? குழந்தை இருக்கிற வீடென்றால் பிஸ்கட், நோயாளியைப் பார்க்கப் போனால் பிரெட்டும் பாலில் கலக்கும் பவுடர் டப்பாவும். சர்க்கரை நோயில் படுத்திருப்பவருக்கும் அதே டப்பாதான்! ஒரு சீப்பு வாழைப்பழமோ அரைக்கிலோ வேர்க்கடலையோ கொடுத்தால் மரியாதைக் குறைவு என்று நாமே எப்போது முடிவு செய்தோம்?

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். உணவை மாற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். கிரிவலம் போல நீண்ட நடையில் திடீரென்று சர்க்கரை இறங்கலாம். கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. சட்டைப்பையில் கொஞ்சம் குளுக்கோஸ் வைத்துக்கொண்டே நடங்கள்.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். அதில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது ஆய்வில் தெரிந்தது, தடை வந்தது. ஆனால் சட்டம் அனுமதித்த பொருட்களே நிறைந்த பாக்கெட்டை எந்த அதிகாரியும் வந்து பிடுங்கப் போவதில்லை. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரையோ உப்போ அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு முத்திரை போடுகிறார்கள். நம் மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையும் முன்பக்க லேபிள் கண்டிப்பாக வேண்டும் என்றே பேசியது. அது வரட்டும், நல்லது. அதுவரை பின்பக்கம் நம் கண்ணில் பட்டால் போதும்.

கடைசியாக, கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்யும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த பௌர்ணமிக்குப் பிஸ்கட் பெட்டிக்கும் டப்பா ஜூஸுக்கும் ஒதுக்கிய பணத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல், வேகவைத்த மல்லாட்டை, வாழைப்பழம், நீர்மோர் என்று கொடுத்துப் பாருங்கள். கூட்டமாகச் சமைத்துப் போடுவதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொன்னையில் கொடுத்தால் மலையைச் சுற்றிக் கிடக்கும் பிளாஸ்டிக் உறையும் குறையும். கொடுத்துவிட்டு, பிள்ளைகள் எதை வாங்கிச் சாப்பிட்டார்கள், எது மிஞ்சியது என்று எங்களுக்கு எழுதுங்கள். கடிதங்களை இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்