போலீசாரைப் படம் பிடித்தால் குற்றமா?

ரோட்டில் மோட்டார் சைக்கிளை மறித்துச் சோதனை போடும் போலீசாரைச் செல்போனில் படம் பிடிக்கப் பிரஜைகளுக்கு உரிமை உண்டா, இல்லையா என்பது ஊருக்கு ஊர் வழக்காய் இருந்து வருகின்றது. திருவண்ணாமலைப் பக்கத்துத் தோழர்களுக்கு இது வெறும் பேச்சல்ல. செங்கம் ரோட்டிலும் வேட்டவலம் ரோட்டிலும் பால் கேனோடும் காய்கறி மூட்டையோடும் வண்டியில் வந்து போகின்றவர்கள் அவர்களேயாவார்கள். தீபத்திற்கும் பௌர்ணமிக்கும் லக்ஷக்கணக்கில் கூட்டம் சேரும் ஊராதலால், தடுப்பும் சோதனையும் இங்கு ஓயாத காரியம். ஆகவே நமது அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகின்றோம்.

சோதனையே கூடாது என்பது நம் கட்சியல்ல. தலைக்கவசமின்றி ஓட்டுகின்றவனும், குடித்துவிட்டு ஓட்டுகின்றவனும் தன் பெண்டு பிள்ளைகளுக்குத் துரோகம் செய்கின்றவனேயாவான். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 130-வது பிரிவுப்படி, சீருடையிலிருக்கும் போலீஸ் உத்தியோகஸ்தர் கேட்டால் லைசென்சைக் காட்டியே தீரவேண்டும். தக்க காரணமிருந்தால் வண்டியைப் பிடித்து வைக்க 207-வது பிரிவில் இடமிருக்கின்றது. ஆனால், வாடா போடா என்று பேசவும், கன்னத்தில் அறையவும், லத்தியால் அடிக்கவும் எந்தப் பிரிவில் இடமிருக்கின்றது? குற்றத்திற்கு அபராதம் போடுவது சட்டம். அடி போடுவது எந்த ஊர்ச் சட்டம்?

அடித்தார்கள் என்று ஏழை சொல்லுவான். அடிக்கவில்லை என்று போலீசார் சொல்லுவார்கள். யார் சொல் எடுபடும்? வெகுகாலமாய்க் காக்கிச் சட்டையின் சொல்லே எடுபட்டு வந்தது. செல்போன் வந்த பிறகுதான் தராசு சற்று அசைந்திருக்கின்றது.

2016 ஜூலையில் நம் ஜில்லாவைச் சேர்ந்த செங்கத்தில், கடைத்தெருவில் புருஷன், பெண்சாதி, மகன் மூவரையும் மூன்று போலீசார் லத்தியால் அடித்தார்கள். பக்கத்திலிருந்தவர் எடுத்த படம் நாடெங்கும் பரவியது. இன்னொன்று, வண்டிச் சோதனையிலேயே நடந்தது. 2021 ஜூன் 22-ந் தேதி சேலம் ஜில்லா பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில், நண்பர்களுடன் வண்டியில் வந்த சிறு வியாபாரி ஒருவரைச் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் லத்தியால் அடித்தார். மறுநாள் அந்த மனிதர் இறந்து போனார். கூட வந்தவர் எடுத்த படம் வெளிவந்தது. அந்த உத்தியோகஸ்தர் கைது செய்யப்பட்டார். 2025 ஜூனில் சிவகங்கை ஜில்லா மடப்புரத்தில், கோயில் காவலாளி ஒருவர் திருட்டு விசாரணை என்ற பேரால் அடிபட்டுச் செத்தார். அந்தக் கோயில் பத்திரகாளி சாட்சி சொல்ல வரவில்லை. மறைவிலிருந்து ஒருவர் எடுத்த செல்போன் படமே மதுரை ஐக்கோர்ட்டில் சாட்சி சொல்லிற்று. இந்தப் படங்கள் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்குமென்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

படம் பிடிப்பது சட்ட விரோதம் என்று மிரட்டுகின்றார்களே, எந்தச் சட்டத்தில் இருக்கின்றது? பொது ரோட்டில் வேலை பார்க்கும் போலீசாரைத் தள்ளிநின்று படமெடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவுமில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குள் எடுத்தால்கூட 1923-ம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டப்படி குற்றமாகாதென்று பம்பாய் ஐக்கோர்ட்டின் நாகபுரி கிளை 2022-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. ஸ்டேஷனுக்குள்ளேயே ரகசியமில்லையென்றால், நடுரோட்டில் ஏது ரகசியம்?

சர்க்கார்தான் படத்தை வெறுக்கின்றதா? 2021-ல் செய்த மோட்டார் வாகன விதியில், போலீசார் உடம்பில் மாட்டிக்கொள்ளும் காமிராவையும் ரோட்டுக் கண்காணிப்புக் கருவிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றது. நம் வாயில் நுழையாத பேர் வைத்து 2024 ஜூலையில் அமலுக்குக் கொண்டுவந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவோ, வீடு முதலிய இடங்களைச் சோதனை போட்டுப் பொருள்களைக் கைப்பற்றுவதைப் போலீசார் படமாய்ப் பதியவேண்டும், அதிலும் செல்போனில் பதிவதே மேல் என்கின்றது. சர்க்கார் பிரஜையைப் படமெடுத்தால் நீதி, பிரஜை சர்க்கார் ஊழியரைப் படமெடுத்தால் அநீதியா? அந்த ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

படத்தை வெட்டி ஒட்டிப் பொய் பரப்புவார்களே என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். பரப்புகின்ற அயோக்கியர்களும் இல்லாமலில்லை. அதற்குப் பரிகாரம், போலீசாரும் தங்கள் காமிராவை அணைக்காமல் வைத்திருந்து, இரண்டு படத்தையும் கோர்ட்டில் வைப்பதேயல்லாமல், ஏழையின் செல்போனைப் பிடுங்கி அழிக்கச் சொல்வதல்ல. ஒழுங்காய் நடக்கின்ற போலீஸ்காரருக்கு அந்தப் படமே யோக்கியதைப் பத்திரமாகும்.

தோழர்களே! உரிமைக்குப் பொறுப்பும் உண்டு. வண்டியை ஓரமாய் நிறுத்துங்கள். கேட்ட காகிதங்களைக் காட்டுங்கள். தப்பிருந்தால் அபராதத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள், வைது பேசாதீர்கள், வேலையை மறித்தால் அது வேறு குற்றமாய் முடியும். எடுத்த படத்தை வெட்டாமல் மூலத்தோடு வைத்திருங்கள். கோர்ட்டுக்கு வேண்டியது அதுவே.

எல்லாவற்றிற்கும் மேலாக, "எஜமான்! சாமி! விட்டுவிடுங்கள்" என்று கைகட்டிக் கெஞ்சும் பழக்கத்தை ஒழியுங்கள். போலீஸ்காரர் சாமியுமல்ல, எஜமானுமல்ல. நம் வரிப்பணத்தில் சட்டத்திற்காக வேலை பார்க்கும் மனிதர். அவருக்கு மரியாதை கொடுங்கள். அதே மரியாதையை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அது பிச்சையல்ல, பாக்கி.