திருமறைக்கு நற்சான்று தேடுவோர்

வானியல் அறிஞர்கள் புதிதாக ஒன்றைக் கண்டனர் என்று செய்தி வந்துவிட்டால், நம்மவருள் சிலருக்கு இருப்புக் கொள்வதில்லை. மறுவாரமே மேடை அமைக்கப்படுகிறது. துண்டுப் பிரசுரம் அச்சாகிறது. "இதனை நம் திருமறை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டது" என்னும் முழக்கம் எழுகிறது. கேட்போர் ஸுப்ஹானல்லாஹ் என்று வியந்து வீடு திரும்புகின்றனர். இதனை மார்க்கப் பணி என்று நம்பியே பலரும் செய்கின்றனர். அவர்தம் எண்ணத்தில் நாம் குறை காணவில்லை. ஆயினும் இவ்வழக்கம் மார்க்கத்திற்கும் நலம் பயப்பதன்று, விஞ்ஞானத்திற்கும் நலம் பயப்பதன்று என்பதை எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உள்பொருள் யாது, உலகம் மெய்யா தோற்றமா என்னும் வினாக்கள் மேலூர் வட்டாரத்தில் வாழும் நமக்குப் புதியன அல்ல. மாங்குளத்துக் குன்றின் குகைத்தளங்களில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. அங்கே கற்படுக்கையில் துயின்ற சமண முனிவர்களின் நெறி, உலகம் எவராலும் படைக்கப்படாதது, தொடக்கமும் முடிவும் அற்றது என்று கொண்டது. அருகிலுள்ள திருவாதவூர் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அவரைத் தம் குரவருள் ஒருவராகப் போற்றும் சைவ சித்தாந்தம், இறை, உயிர், தளை ஆகிய மூன்றும் என்றும் உள்ளவை என்றது. 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார், 'அத்துவிதம்' என்னும் சொல்லுக்கு 'ஒன்று' என்பது பொருளன்று, 'இரண்டன்மை' என்பதே பொருள் என்று வாதிட்டார். சங்கரர் வழியினரோ பிரம்மம் ஒன்றே மெய், உலகம் அதன்மேல் எழும் தோற்றம் என்றனர். 1896-ஆம் ஆண்டு மதுரையில் தம் சிறிய தந்தையார் இல்லத்தில் மரண அச்சத்தை எதிர்கொண்டு, 'நான் யார்' என்று வினவிப் புறப்பட்ட இளைஞரே பின்னர் ரமணர் எனப் புகழ்பெற்றார்.

இக்கொள்கைகளுள் நாம் ஏற்பவை எவை, மறுப்பவை எவை என்பது இங்கு வினாவன்று. இவர்களுள் எவரும் தம் கொள்கைக்குத் தொலைநோக்கியிடம் நற்சான்று கேட்டு நிற்கவில்லை என்பதையே சுட்டுகிறோம். தத்தம் நூலையும் அறிவையும் அனுபவத்தையும் துணைக்கொண்டு வாதிட்டனர். பிறர் வாதத்தையும் செவிமடுத்தனர்.

நம் முன்னோரும் அவ்வாறே செய்தனர். ஸ்பெயின் நாட்டு முர்ஸியாவில் 1165-இல் பிறந்து, 1240-இல் திமிஷ்கில் மறைந்த ஷைகுல் அக்பர் இப்னு அரபீ (ரஹ்) அவர்களின் வழிவந்தோர் 'வஹ்தத்துல் வுஜூத்' என்னும் உள்ளமை ஒருமையை விளக்கினர். உண்மையான உள்ளமை ஹக்கு ஒருவனுக்கே உரியது. படைப்பினங்கள் தமக்கெனச் சொந்தமான உள்ளமை ஏதுமின்றி, அவன் தன்மைகள் வெளிப்படும் இடங்களாக நிற்கின்றன என்பது அதன் சாரம். ஸர்ஹிந்தின் ஷைக் அஹ்மத் (ரஹ்) (1564–1624) இதனை அப்படியே ஏற்கவில்லை. ஸாலிக்கின் பார்வையில்தான் ஒருமை தோன்றுகிறது, பொருள்கள் இல்லாமற் போய்விடவில்லை என்றார். இதுவே 'வஹ்தத்துஷ் ஷுஹூத்'. பகலில் கதிரவன் ஒளியால் விண்மீன்கள் காணப்படவில்லை. அதனால் அவை இல்லையென்று ஆகிவிடுமா என்று அவர் கேட்டார். டில்லியின் ஷா வலியுல்லாஹ் (ரஹ்) (1703–1762) இவ்விரு கூற்றையும் இணைத்துக் காட்ட முயன்றார்.

தமிழகத்தில் தக்கலை பீர்முகம்மது அப்பா அவர்களும், 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களும் இவ்வாழ்ந்த பொருளைத் தமிழ்ச் செய்யுளில் பாடினர். இன்று ஒரு சாரார் அப்பாடல்களை வேதாந்தம் என்கின்றனர். மற்றொரு சாரார் அவற்றை ஷிர்க் என்று ஒதுக்குகின்றனர். இவ்விரு சாராருள் எத்தனை பேர் அந்நூல்களைத் தொடக்கம் முதல் இறுதி வரை படித்தவர்கள்? மஸ்தான் சாகிபு சித்தர் மரபின் சொற்களை எடுத்தாண்டார் என்பது உண்மையே. சொல்லைக் கடன் வாங்கியவர் கொள்கையையும் கடன் வாங்கினார் என்று தீர்ப்பளிப்பது அவசரக்காரர் செயலாகும்.

இவர்களோடு அண்மைக்காலத்தில் புதியதொரு கூட்டமும் சேர்ந்துள்ளது. "பொருள் யாவும் ஆற்றலே, ஆற்றல் ஒன்றே, ஆகவே சூஃபிகள் சொன்ன ஒருமையை இயற்பியல் நிரூபித்துவிட்டது" என்பது இவர்கள் கூற்று. அத்வைதிகளிலும் இப்படிப் பேசுவோர் உளர். 1975-இல் வெளிவந்த ஃப்ரிட்ஜோஃப் காப்ராவின் 'தாவோ ஆஃப் ஃபிஸிக்ஸ்' நூல் இப்போக்கிற்குப் பெரும் ஊக்கம் தந்தது. குவாண்டம் இயற்பியலின் முன்னோடியான ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதையும் இவர்கள் சான்றாகக் காட்டுவர். ஈடுபாடு கொண்டிருந்தது மெய்தான். ஆனால் 1926-இல் அவர் தந்த சமன்பாட்டை உலகம் ஏற்றது, அது ஹைட்ரஜன் அணுவின் நிறமாலையைச் சரியாகக் கணித்தமையால். அதனை ஏற்க எந்த விஞ்ஞானியும் உபநிடதம் ஓத வேண்டியிருக்கவில்லை.

ஆற்றல் என்பது யாது? அளவிடப்படும் ஒன்று, எண்ணாலும் அலகாலும் குறிக்கப்படுவது, ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் காணப்படுவது. இவ்வளவும் படைப்பின் இலக்கணமல்லவா? அந்த ஆற்றலை ஹக்கு என்று சொன்னால், கல்லை வணங்கியவனுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? இப்னு அரபீயின் பெயரால் இவ்வாறு பேசுவோர் அவருக்கே அநீதி இழைக்கின்றனர். சங்கரர் வழியினரும் இதனை ஏற்க இயலாது. காணப்படும் பொருள் எதுவாயினும் அது காண்பவன் ஆகாது என்பது அவர்தம் நெறியின் முதற்பாடம்.

இனிப் பெருவெடிப்புக்கு வருவோம். பெல்ஜிய நாட்டின் லெமைத்ர் 1927-இல் விரியும் அண்டக் கொள்கையை வெளியிட்டார். தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் தொலைவுக்கேற்ப விரைந்து விலகுகின்றன என்பதை 1929-இல் அமெரிக்காவின் ஹப்பிள் அளந்து காட்டினார். 1965-இல் பென்ஸியாஸும் வில்ஸனும் வானின் எத்திசையிலிருந்தும் ஒரேபடியாக வரும் மெல்லிய நுண்ணலையைக் கண்டறிந்ததாக அறிவித்தனர். முழுச்சுழி வெப்பத்தினின்று 2.7 டிகிரி அளவே கூடிய அவ்வலை, அண்டம் ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதினதாய் இருந்தபோது விடுபட்ட ஒளியின் எச்சம். இன்று அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகிறது. மனித அறிவின் மாபெரும் வெற்றிகளுள் இது ஒன்று. நாம் அதனைப் போற்றுகிறோம்.

ஆனால் இக்கணக்கு சொல்வது என்ன? அண்டம் ஒரு காலத்தில் மிகச் சூடாகவும் மிக அடர்த்தியாகவும் இருந்தது. அதிலிருந்து விரிந்து குளிர்ந்தது. அதற்கும் முந்திய கணத்தை எட்டும்போது நாம் அறிந்த விதிகள் செல்லாதனவாகின்றன. 'இன்மையிலிருந்து உண்மை தோன்றியது' என்று அக்கணக்கு சொல்லவில்லை. அதனைச் சொன்னதாக நம் மேடைகள் சொல்லுகின்றன.

அல்அன்பியா அத்தியாயத்தின் 30-ஆம் வசனம், வானங்களும் பூமியும் இணைந்திருந்ததையும் இறைவன் அவற்றைப் பிரித்ததையும் கூறுகிறது. இதில் பெருவெடிப்பைக் காண்போர், 923-இல் மறைந்த இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் தஃப்ஸீரைத் திறந்து பார்த்ததுண்டா? அவர் பல கருத்துகளை வரிசைப்படுத்துகிறார். மழையின்றி மூடியிருந்த வானத்தை மழையாலும், முளையின்றி மூடியிருந்த நிலத்தைப் பயிராலும் திறந்தான் என்னும் விளக்கத்தையே அவர் விரும்புகிறார். வசனத்தின் பிற்பகுதி நீரைப் பற்றிப் பேசுவதே அதற்குக் காரணம். வானம் பார்த்து விதைக்கும் நம் ஊர் உழவனுக்கு இவ்விளக்கம் எவ்வளவு நெருக்கமானது! அத்தாரியாத் அத்தியாயத்தின் 47-ஆம் வசனத்திலுள்ள 'மூஸிஊன்' என்னும் சொல்லுக்கும் 'பேராற்றல் உடையோம்' என்று முன்னோர் பொருள் கொண்டனர். வானை அகலமாக்கியதைக் குறிப்பதாகவும் சிலர் உரைத்தனர். விண்மீன் மண்டலங்கள் விலகி ஓடுகின்றன என்று அவர்களுள் எவரும் அச்சொல்லிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பு வந்தபின் அதற்கேற்பப் பொருளை வளைப்பது விளக்கமாகாது.

இவ்வாறு வளைப்பதன் விளைவைக் கத்தோலிக்கர் வரலாற்றிலேயே காணலாம். 1951-இல் பன்னிரண்டாம் பயஸ் என்னும் போப், அண்டத்தின் தொடக்கம் பற்றிய இப்புதிய விஞ்ஞானம் படைப்புக்குச் சான்று பகர்கிறது என்ற கருத்தில் உரையாற்றினார். அதனை விரும்பாதவர் யார் தெரியுமா? அக்கொள்கையின் தந்தையும், தாமே ஒரு பாதிரியாருமான லெமைத்ர்தான்! தம் கொள்கை மதம் சார்ந்த வினாக்களுக்குப் புறத்தே நிற்பது என்பது அவர் நிலை. 1948-இல் ஹாயிலும் அவர் நண்பர்களும் முன்வைத்த நிலைமாறா அண்டக் கொள்கையோ, தொடக்கமே இல்லை என்றது. நம் நாட்டின் ஜெயந்த் நர்லிகர் 2025-இல் மறையும் வரை பெருவெடிப்பை ஏற்காதவராகவே இருந்தார். சான்றுகள் பெரும்பாலும் பெருவெடிப்பின் பக்கமே நிற்கின்றன. எனினும் 1998-இல் அண்டம் விரைந்து விரிவது தெரியவந்தபோது பழைய கணக்குகள் திருத்தப்பட்டன. நாம் அறிந்த அணுப்பொருள் அண்டத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடே. எஞ்சியவற்றின் இயல்பு இன்னும் விளங்கவில்லை. திருத்திக்கொள்வது விஞ்ஞானத்தின் பெருமை. அந்தப் பெருமைக்குரிய மாற்றத்தையே அஸ்திவாரமாகக் கொண்டு ஈமானைக் கட்டினால், ஒவ்வொரு திருத்தத்திலும் வீடு அதிருமே!

"உலகம் ஹாதிஸ், ஆதலால் அதற்கு ஒரு முஹ்திஸ் உண்டு என்று நம் கலாம் நூல்களே வாதிடவில்லையா? தொடக்கம் நமக்கு வேண்டுமே?" என்று கற்றறிந்த ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. உலகிற்குத் தொடக்கம் உண்டென்று நாம் நம்புவது வஹீயின் வாயிலாக. ஆனால் படைப்பு இறைவனை நாடி நிற்பது முதற்கணத்தில் மட்டுமா? அவன் கய்யூம் அல்லவா? அஷ்அரீ இமாம்கள், பொருள்களின் தன்மைகள் கணந்தோறும் புதிதாகப் படைக்கப்படுகின்றன என்றனர். தன்னால் தான் நில்லாத மும்கின், தன்னால் தான் நிற்கும் வாஜிபைச் சார்ந்தே இருக்க முடியும் என்னும் வாதம், அண்டத்தின் வயதைக் கேட்பதே இல்லை. நாளையே பெருவெடிப்புக்கு முன்னும் ஓர் அண்டம் இருந்ததென்று கணக்கு சொன்னாலும், அவ்வாதத்தின் ஓர் எழுத்தும் அசையாது.

கிரகணத்தைப் பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) தம் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' முகவுரையில் கூறியதை நினைவூட்டுகிறோம். கணிதத்தால் உறுதிப்பட்ட கிரகண விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்திற்கே தீங்கு செய்கிறான் என்பது அவர் கருத்து. தத்துவவாதிகளை அவ்வளவு கடுமையாக எதிர்த்தவர், கணக்கைக் கணக்காகவே விட்டுவைத்தார். மார்க்கத்தின் பெயரால் ஒரு கணக்கை மறுப்பது தவறென்றால், உறுதிப்படாத கணக்கை மார்க்கத்தின் பெயரால் நிலைநாட்டுவதும் தவறே அன்றோ? திமிஷ்கின் உமைய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த முவக்கித்தான இப்னு ஷாத்திர், தாலமியின் கோள் கணக்குகளைத் திருத்தினார். நட்சத்திரத்தை நோக்கியும் கணக்கிட்டுமே திருத்தினார்; வசனத்திற்குப் புதுப்பொருள் கற்பித்துத் திருத்தவில்லை.

இது ஆலிம்களிடையே நடக்கும் வெறும் சொற்போர் என்று குடும்பத்தினர் எண்ணிவிட வேண்டாம். இன்று நம் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, மதுரைக் கல்லூரிகளுக்குப் பஸ் ஏறிச் சென்று இயற்பியல் கற்கின்றனர். மேடையில் கேட்டது பாடநூலில் இல்லை என்பதை அவர்கள் முதல் ஆண்டிலேயே கண்டுகொள்வர். அப்போது அவர்கள் ஐயுறுவது மேடைப் பேச்சாளரை மட்டுமன்று. அவர் ஆதாரம் காட்டிய வேதத்தையும் சேர்த்தே ஐயுறுவர். அந்த ஐயத்திற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர் யார்? படிக்கப் போன பிள்ளையா, பொய்ச்சான்று தந்த பெரியவரா?

ஆகவே நாம் வேண்டுவது இதுவே. மத்ரஸாக்களில் வானியலை வானியலாகவே கற்பியுங்கள். முற்காலத்தில் கிப்லாவும் தொழுகை நேரமும் கணிக்க அதனை ஓதிய மரபு நம்முடையதுதான். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் அடுத்துள்ள கொடைக்கானலில் இருக்கிறது. சுற்றுலா செல்வோர் பிள்ளைகளை அங்கும் அழைத்துச் செல்லலாமே! பீர்முகம்மது அப்பாவையும் மஸ்தான் சாகிபையும் தீர்ப்புக் கூறுமுன் படியுங்கள். வசனத்தை ஓதும்போது அது கேட்கும் கேள்விக்கு விடை சொல்லுங்கள். இணைந்திருந்த வானையும் பூமியையும் பிரித்ததைச் சொல்லும் அவ்வசனம், "அவர்கள் நம்பிக்கை கொள்ள மாட்டார்களா?" என்னும் கருத்துப்பட வினவித்தான் முடிகிறது. அவ்வினா நம் உள்ளத்தை நோக்கி எழுப்பப்பட்டது. அதற்குரிய விடையை எந்த ஆய்வுக்கூடமும் நமக்காக எழுதித் தராது.