அறுந்த சார்புகளும் அவசர வைத்தியமும்

கல்லூரிகளின் அலுவல்கள் பலவும் இன்று கணினியைச் சார்ந்தே நடைபெறுகின்றன. மாணவர் புள்ளிகள், நூலகப் பட்டியல், வரவுப் பதிவு ஆகியன ஓர் அறையின் மூலையில் இரவும் பகலும் இயங்கும் வழங்கி ஒன்றினுள் அடங்கியிருத்தல் இக்காலத்துப் புதுமையன்று. அவ்வழங்கிகளுட் பல லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்டவை. அவை பழுதுறும்போது நம்மவர் அவற்றைச் சீர்செய்யும் முறை குறித்துச் சில கூற விழைகின்றோம். தமிழ் கற்பிக்கும் எமக்கு இதில் என்ன அலுவல் என வினவுவார் இருப்பர். இத்தகைய பழுதுகளுட் பெரும்பாலன பொறியறிவின் குறைவினால் அன்றி வாசிப்பின் குறைவினாலேயே முற்றுகின்றன என்பது எம் கருத்து. வாசிப்பைப் பற்றிப் பேச மொழியாசிரியர்க்கு உரிமை உண்டன்றோ?

முதற்கண் பொருளை விளக்குவோம். லினக்சின் கருவை 1991 ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் வெளியிட்டார். கருவொன்றினால் மட்டும் கணினி பயன் தாராது. அதற்கு வேண்டும் பிற மென்பொருள்களைத் தொகுத்து, ஒன்றோடொன்று இசைவித்து வழங்கும் முயற்சிகள் பின்னர் எழுந்தன. 1993 ஆம் ஆண்டில் இயன் மர்டொக் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று. உபுண்டு அதன் வழித்தோன்றல். இம்மரபில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பட்டுக் களஞ்சியத்தில் வைக்கப்படுகின்றன. 2023 யூன் 10 ஆந் திகதி வெளிவந்த டெபியன் 12 ஆம் பதிப்பின் களஞ்சியம் 64,419 பொதிகளைக் கொண்டிருந்தது. தனக்கு எவ்வெப் பொதிகள் வேண்டும், அவற்றுள் எப்பதிப்பு வேண்டும், எவற்றோடு தான் ஒருங்கிருத்தல் இயலாது என்னும் குறிப்புகளை ஒவ்வொரு பொதியும் தன்னகத்தே கொண்டுள்ளது. அது வேண்டி நிற்பனவற்றைச் சார்புகள் என்பர். பொதியை விரித்து உரிய இடங்களில் அமைப்பது டிபிகேஜி என்னும் கருவி. சார்புகளைக் கணித்து, வேண்டுவனவற்றைக் களஞ்சியத்திலிருந்து வருவிப்பது ஆப்ட் என்னும் கருவி.

இலக்கணம் பயின்றார்க்கு இஃது எளிதில் விளங்கும். ‘வந்த’ என்னும் பெயரெச்சம் தனித்து நின்று பொருள் முடியாது. ‘மாணவன்’ என்றாற் போல்வதொரு பெயரை அவாவி நிற்கும். ‘வந்து’ என்னும் வினையெச்சம் ஒரு வினையை அவாவும். முடிக்குஞ் சொல் வாராதவிடத்து வாக்கியம் குறையாய் நிற்கும். கைக்கெட்டிய சொல்லொன்றை எடுத்து ஒட்டிவிட்டால் அக்குறை தீர்ந்துவிடாது; இயைபுடைய சொல்லே வேண்டும். பொதியின் நிலையும் இதுவே. அதன் சார்பு கிடையாவிடினும், கிடைத்தது பதிப்பு மாறிய ஒன்றாயினும், பொதி முடிவுபெறாது நிற்கும். இதனையே சார்பு அறுந்தது என்கின்றனர்.

சார்பு அறுதற்குக் காரணங்கள் பல. நிறுவல் நடக்கும்போது மின்சாரம் தடைப்பட்டு வேலை இடையில் நின்றுவிடல் ஒன்று. பதிப்பு மாறாதிருக்குமாறு முன்னொருவர் ஒரு பொதியை நிறுத்திவைத்து, அதனைப் பிறர்க்கு அறிவியாது போதல் மற்றொன்று. இவற்றினும் பெருவழக்காயுள்ளது, ஒரு பதிப்பின் பொதியை வேறொரு பதிப்பின்மேல் ஏற்றுதல். இதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. மறைமொழித் தொடர்புக்குரிய ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளின் 3.0 பதிப்பு 2021 செப்டெம்பரில் வெளிவந்தது. 2022 ஏப்ரிலில் வந்த உபுண்டு 22.04 இப்புதியதனையே ஏற்று, பழைய 1.1 நூலகத்தைத் தன் களஞ்சியத்தினின்றும் நீக்கிவிட்டது. முந்திய பதிப்புகளுக்கெனக் கட்டப்பட்ட பொதிகளை அதன்மேல் நிறுவ முயன்றோர், பழைய நூலகம் வேண்டும், அது நிறுவற்பாலதன்று என்னும் அறிவித்தலை எதிர்கொண்டனர்.

இவ்விடத்திலேதான் அவசர வைத்தியம் தொடங்குகின்றது. அறிவித்தலின் முதல் வரியைக் கண்ட அளவில், யாரோ எங்கோ எழுதிய கட்டளை ஒன்றைப் பொருள் உணராது படியெடுத்து இடுகின்றனர். ஒருசாரார் பழைய பதிப்பின் களஞ்சியத்திலிருந்து அந்நூலகத்தைத் தனியே இறக்கி நிறுவிவிடுகின்றனர். மென்பொருள் இயங்குகின்றது, எல்லோரும் மகிழ்கின்றனர். ஆயின் புதிய பதிப்பின் களஞ்சியம் அந்நூலகத்தை அறியாது. நாளை அதில் ஒரு பாதுகாப்புக் குறை கண்டறியப்படின் திருத்தம் தானாக வந்து சேராது. 1.1.1 பதிப்புக்குரிய பொது ஆதரவும் 2023 செப்டெம்பர் 11 ஆந் திகதியுடன் முடிவுற்றது. மறைமொழியைக் காக்கும் பூட்டே பழுதுபட்டிருக்க, அதன் பின்னால் மாணவர் விபரங்கள் கிடக்கும். வேறொரு சாரார், சார்பைப் பாராது வலிந்து நிறுவுக என டிபிகேஜிக்கு ஆணையிடுகின்றனர். கருவி பணிகின்றது; குறை அப்படியே உள்ளிருந்து அடுத்த நிறுவலின்போது முன்னிலும் பெரிதாய் வெளிப்படுகின்றது.

ஆப்ட் முன்வைக்கும் தீர்வையும் வாசியாது ஏற்றல் தகாது. 2021 ஆம் ஆண்டில் வெளியான நிகழ்படம் ஒன்றை ஈண்டு நினைவுகூரலாம். லினக்ஸ் வகை ஒன்றின்மேல் ஒருவர் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். களஞ்சியத்தில் அப்போதிருந்த சார்புக் கோளாற்றினால், அதனை நிறுவுதற்குத் திரை முகப்பையே அகற்ற நேரும் என ஆப்ட் கணித்தது. அகற்றப்படுவனவற்றின் பட்டியலை நீளக் காட்டி, இது தீங்கு தரக்கூடும் என எச்சரித்து, ‘ஆம், நான் சொன்னபடி செய்’ என்னும் வாசகத்தைத் தட்டெழுதினால் அன்றித் தொடரேன் எனவும் நின்றது. அவர் அவ்வாசகத்தை எழுதினார். திரை முகப்பு நீங்கியது. கோளாறு அவர் செய்ததன்று. எனினும் கருவி சொல்லவேண்டிய அனைத்தையும் சொல்லியிருந்தது என்பதும் மெய்யே.

உண்மையான மருத்துவம் யாது? நோயின் காரணத்தை அறிவித்தலே பெரும்பாலும் சொல்லிவிடுகின்றது என்பதை முதலில் உணர்தல் வேண்டும். நிறுவல் இடையில் நின்றிருப்பின், எஞ்சிய பொதிகளை அமைத்து முடிக்கும் டிபிகேஜிக் கட்டளை இன்னதென ஆப்ட் கூறும். சார்பு அறுந்திருப்பின், உடைந்ததைச் சீர்செய்யுங் கட்டளையை ஆப்ட்டே எடுத்துக்காட்டும். அதனை இடுமுன் செய்யத்தக்கன சில உள. வழங்கியின் தரவுகளுக்குக் காப்புப்பிரதி எடுத்தல் முதலாவது. ஒன்றையும் மாற்றாது ஒத்திகை மட்டும் பார்க்கும் வசதி ஆப்ட்டில் உண்டு; அதனைக் கொண்டு எவை வரும், எவை நீங்கும் என்பதை ஒவ்வொரு பெயராய் வாசித்தல் இரண்டாவது. சிக்கலுற்ற பொதியின் எப்பதிப்பு எக்களஞ்சியத்திலிருந்து வருகின்றது எனவும், நிறுத்திவைக்கப்பட்ட பொதிகள் உளவோ எனவும் வினவியறிதல் மூன்றாவது. களஞ்சியங்களின் பட்டியலைத் திறந்து, வேற்றுப் பதிப்புக்குரியது ஏதும் அதில் கலந்துள்ளதா எனப் பார்த்தல் நான்காவது. முன் நிகழ்ந்த நிறுவல்களின் குறிப்பேட்டை ஆப்ட் தானே எழுதி வைத்துள்ளது. அதனைப் புரட்டினால் பழுது எந்நாள் எச்செயலால் புகுந்தது என்பதும் பெரும்பாலும் புலப்படும். மேற்கூறிய பழைய நூலகச் சிக்கலுக்கும், தம் பதிப்புக்கெனக் கட்டப்பட்ட பொதியைத் தேடிப் பெறுதலே நேரிய வழி. இவை அனைத்திற்கும் வேண்டுவது பொறுமையும் சொற்பொருள் உணரும் ஆற்றலுமேயாம்.

பழுதுபார்த்து நேரத்தை வீணாக்குவானேன், வழங்கியை அழித்துப் புதிதாய் நிறுவினால் ஒரு மணி நேரத்தில் முடியுமே என்பாரும் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பெரிய நிறுவனங்கள் தம் வழங்கிகளின் அமைப்பு முழுவதையும் எழுத்தில் வைத்து, வேண்டும்போது அவ்வெழுத்திலிருந்தே புதிய வழங்கியை ஆக்கிக்கொள்கின்றன. அது நன்முறையே. ஆனால் எழுதி வைத்தோர்க்கே அது பொருந்தும். அமைப்பு ஒருவரது நினைவில் மட்டும் இருந்து, அவரும் மாற்றலாகிப் போய்விட்ட பாடசாலையில், அழித்தல் என்பது பத்தாண்டுப் பதிவுகளைப் பணயம் வைத்தலாகும். மேலும், காரணம் அறியாது புதிதாய் நிறுவிய வழங்கியில் அதே களஞ்சியக் கலப்பு மீண்டும் புகுந்தால், அதே பழுது மீண்டும் தோன்றுமே யன்றி நீங்காது.

ஆதலின், யூபிலி ஆண்டை முன்னிட்டுக் கல்லூரிகளுக்குப் புதிய கணினிகளை வழங்க முன்வரும் பழைய மாணவர்களை நாம் மனமுவந்து போற்றுகின்றோம். போற்றுவதோடு ஒரு வேண்டுகோளையும் விடுக்கின்றோம். நுமக்குட் பலர் உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் இத்துறையிலேயே தொழில் புரிகின்றீர். இயந்திரத்தோடு நும் நேரத்திலும் ஒரு சிறு பங்கைத் தருக. பழுதானாலும் கேடில்லாத பழைய கணினி ஒன்றை மாணவர் முன் வைத்து, அதன் சார்புகளை வேண்டுமென்றே அறுத்துவிட்டு, அறிவித்தலை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, அவர்தம் சொந்தச் சொல்லிற் பொருள் கூறுவித்து, அதன் பின்னரே விசைப்பலகையைத் தொடவிடுக. ஆசிரியராகிய நாம் எம் பங்கிற்கு, செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் திகதியிட்டு ஏட்டில் எழுதும் வழக்கத்தை மாணவரிடம் வளர்ப்போம்.

மாணவச் செல்வங்களே, கருவி உங்களோடு பேசும்போது அது சொல்வதை இறுதிவரை கேளுங்கள். கடைசி வரியையும் வாசித்த பின்னரே கட்டளை இடுங்கள். அவ்வாறு வாசிக்கப் பழகிய இருவரோ மூவரோ ஆண்டுதோறும் உருவாயின், கல்லூரியின் பதிவுகள் எவர் மாற்றலாகிச் சென்றாலும் கேடின்றி நிலைக்கும்.