வேகப் பக்தர்கள்

"வேகமா, சிக்கனமா என்றால் நான் வேகத்தின் பக்கம்தான் சார். மின்சாரக் கவலையைச் சிப் செய்கிறவன் படட்டும்" என்றார், புரோகிராம் எழுதிப் பிழைக்கும் இளம் நண்பர் ஒருவர். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்ற தோரணையும் அதில் இருந்தது. இருக்கட்டும், எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

சிக்கனம் என்பது வக்கற்றவன் குணம் என்று இவர்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1985 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் நடந்ததைக் கேளுங்கள். ஏக்கார்ன் என்ற கம்பெனி சொந்தமாக ஒரு சிப் செய்தது. மலிவான பிளாஸ்டிக் உறையில் அடைக்க வேண்டும். ஆகவே ஒரு வாட்டுக்கு மேல் செலவாகக் கூடாது. ஸோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அமைத்த அந்தச் சிப் ஓடிக்கொண்டிருக்கையில் ஃபர்பர் மின்னோட்டத்தை அளந்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது! மீட்டரில் கோளாறில்லை, மின்சாரம் தரும் இணைப்பே விட்டுப்போயிருந்தது. மற்றக் கம்பிகள் வழியே கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடியிருக்கிறது.

அந்த ஏ.ஆர்.எம். வம்சத்துச் சிப்புகள்தான், 2020 ஜூனில் உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர் என்று முதலிடம் பெற்ற ஜப்பானிய ஃபுகாக்குவில் இருந்தவை. நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: அந்த ராட்சசனுக்கு 28 மெகாவாட் வேண்டியிருந்தது. ஆனால் கொரோனாக் காலத்தில், இருமுகிறவனின் எச்சில் திவலை காற்றில் எப்படிப் பரவுகிறது என்று அது கணக்கிட்டது. அந்தச் செலவில் நான் ஒரு காசு குறைக்கச் சொல்லமாட்டேன்.

வேகப் பக்தர்கள் செய்தது என்ன? கடிகாரத் துடிப்பை ஏற்றிக்கொண்டே போனார்கள். துடிப்பை ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். அழுத்தம் இரட்டித்தால் அதனால் மட்டுமே செலவு நான்கு மடங்கு. கடைசியில் 2004-ல் இன்டெல், உருவாகிக்கொண்டிருந்த ஒரு புதுச் சிப்பையே சூட்டுக்குப் பயந்து கைவிட்டது. சிக்கனத்தை இகழ்ந்தவனுக்கு வேகமும் கிட்டவில்லை.

சிப் செய்கிறவன் கவலைப்பட்டாகிவிட்டது. புரோகிராம் எழுதுகிறவர்?

"யாரும் தொடாதபோது உங்கள் புரோகிராம் என்ன செய்யும்?" என்று நண்பரைக் கேட்டேன்.

"புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று நொடிக்குப் பத்துத் தடவை பார்க்கும்."

"வந்தால் எழுப்பு என்று சொல்லிவிட்டுத் தூங்க முடியாதா?"

"முடியும். மாற்றி எழுத ஒரு நாள் ஆகும்."

"பின்னே ஏன் எழுதவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே, சார்!"

என்ன புரோகிராம் என்று கேட்டேன். ஒரு ஜவுளிக்கடைக்குப் பில் போடுவதாம்.