தொய்வும் தேய்வும்

மூன்று கியர்ச் சைக்கிளின் சங்கிலி தொய்ந்தால் நம்மவர் பின்சில்லைச் சற்றே பின்னுக்கிழுத்துத் திருகாணியை இறுக்கிவிடுவர். தொய்வு மறையும், தேய்வு மறையாது.

இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளைப் பிணைக்கும் ஆணிகள் தேய்வதாலேயே நீளம் கூடுகின்றது. கியர்கள் குடத்தினுள் அடங்கியிருக்க, சங்கிலி வளையாது நேரே ஓடுவதால் நெடுநாள் உழைக்கும் என்பது மெய்யே. ஆயினும் கல்முனை, நிந்தவூர்க் கடலோர வீதிகளில் எண்ணெயோடு மணலும் கலந்துவிட்டால் அரமன்றோ வேண்டாம்! முதலில் துடைத்து, ஆணிக்கொரு துளி எண்ணெயிட்டு, மிகுதியை மீண்டும் துடைத்துவிடுங்கள்.

அடிமட்டம் உண்மை சொல்லும். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அரைக்கால் அங்குலம் கூடியிருப்பின் மாற்றிவிடுக. பற்சில்லின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அதனையும் மாற்றுக. இன்றேல் புதுச் சங்கிலி அதன்மேல் தாவும்.

இனி, பலரும் கவனியாத ஆபத்து ஒன்று. சில்லைப் பின்னுக்கிழுக்கையில் கியர்க் கம்பியும் விறைக்கின்றது. ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பனியார் 1936இல் வெளியிட்ட ஏ.டபிள்யூ. குடத்தில், இரண்டாம் மூன்றாம் கியர்களுக்கிடையே எதனையும் பற்றாத ஓரிடம் உண்டு. கம்பி விறைத்த வண்டியை மூன்றாம் கியரில் எழுந்துநின்று மிதித்தால், பிடி நழுவி மிதி வெறுமையாய் விழும். பின்னால் பிள்ளை இருந்தால்?

ஆகையால் கம்பியை முதலில் தளர்த்துக. சில்லை இறுக்கியபின் இரண்டாம் கியரில் வைத்து, வலப்புறத் திருகின் துளைவழியே நோக்குக. கோல் முடிந்து சிறுசங்கிலி தொடங்குமிடம் அச்சின் நுனியோடு சமமாய் நிற்றல் வேண்டும்.