பன்னிரண்டு கட்டமும் ஒரு பேலன்ஸ் ஷீட்டும்

இந்த முறை கொஞ்சம் கிராமர். ஓடிப் போயிடாதீங்க, பரீட்சைக்கு இல்லை.

நம்ம ஊரில் ஆங்கில டென்ஸ் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போர்டில் ஒரு கட்டம். மேலே பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். மூன்று பெருக்கல் நான்கு, பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எழுதினோம், பி.காம். முதல் வருஷ ஆங்கிலப் பேப்பருக்கும் எழுதினோம். அந்தக் கட்டத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நிரப்புகிற பசங்க, ஒரு நிமிஷம் உன்னைப் பற்றிப் பேசு என்றால் தடுமாறுகிறார்கள். என் கட்சி இதுதான்: கோளாறு பசங்களிடம் இல்லை, கட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு டென்ஸும் பார்க்க எப்படி இருக்கும் என்று கட்டம் சொல்கிறது. எதை எப்போது எடுப்பது என்பதைச் சொல்வதே இல்லை. அதைவிடப் பெரிய குறை, அந்த வகுப்பில் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதையே யாரும் கண்டுகொள்வதில்லை.

நாம் செய்கிற தப்புகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒன்றுகூட முட்டாள்தனமாக இருக்காது. எல்லாம் தமிழ்க் கணக்கில் சரி.

'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பிளஸ் டூ இன் 2022.' எங்க வகுப்பில் பாதிப்பேரின் சுய அறிமுகத்தில் இந்த வரி உண்டு. ஆங்கிலத்தில் 'ஹேவ்' போட்டால் கூடவே முடிந்துபோன வருஷத்தையோ தேதியையோ போடக்கூடாது. தமிழில் அந்தத் தடை கிடையாது. '2022-ல பிளஸ் டூ முடிச்சிருக்கேன்' என்பது சுத்தமான தமிழ். 'நேத்து நான் இல்லாதப்ப வந்திருக்கான்' என்றும் சொல்கிறோம். நம் 'இருக்கிறேன்' நேற்றோடு சண்டை போடாது, அவர்களுடைய 'ஹேவ்' போடும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். எனக்குத் தெரிந்து எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது, 'ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே.' இது அப்படியே 'நேத்து உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்'. வந்தேன், இப்போது அங்கே இல்லை என்பதைத் தமிழ் இப்படிச் சொல்லும். ஆங்கிலத்தில் 'ஹேட்' தனியாக நிற்காது. கடந்துபோன இன்னொரு விஷயம் பக்கத்தில் வேண்டும், அதற்கும் முன்னால் நடந்ததற்குத்தான் 'ஹேட்'. நேற்று வந்ததை மட்டும் சொல்ல 'கேம்' போதும்.

'மை ஃபாதர் வில் கெட் அப் அட் சிக்ஸ் டெய்லி' என்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் கொஞ்சம் நன்னூலைப் புரட்டலாம். 'அப்பா தினமும் ஆறு மணிக்கு எழுந்திருப்பார்' என்கிறோம். அதில் இருக்கிற 'ப்' எதிர்கால இடைநிலை. தினசரி வழக்கத்துக்கு நாம் எதிர்கால வடிவத்தை எடுக்கிறோம், அவர்கள் நிகழ்கால வடிவத்தை எடுக்கிறார்கள். அவ்வளவுதான் சமாச்சாரம்.

எதிர்மறை இன்னும் வேடிக்கை. 'அவன் வரலை' என்பதற்கு இடத்தைப் பொறுத்து டிட் நாட் கம், ஹேஸ் நாட் கம், இஸ் நாட் கமிங் என்று மூன்று அர்த்தமும் உண்டு. தமிழில் அந்த வடிவத்தில் காலமே இல்லை. அதனால் இங்கிலீஷில் காலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு இடத்திலும் வைத்து 'டிட் நாட் வென்ட்' என்கிறோம். இதற்கும் மருந்து தமிழிலேயே இருக்கிறது. 'போகவில்லை' என்பது போக, இல்லை. 'போன இல்லை' என்று யாராவது சொல்வோமா? அதே மாதிரி 'டிட்' வந்துவிட்டால் 'கோ'தான். இப்படி ஒருவர் ஆறாம் வகுப்பில் சொல்லியிருந்தால் எத்தனை சிவப்பு மை மிச்சமாகியிருக்கும்!

சரி, 'பெய்ட்' எப்போது, 'ஹேவ் பெய்ட்' எப்போது? நம்ம காமர்ஸ் மக்களுக்கு இதைப் புரிய வைப்பது ரொம்பச் சுலபம். 'ஐ பெய்ட் தி ஃபீஸ் ஆன் மண்டே' என்பது வவுச்சர். தேதி இருக்கும், நடந்தது நடந்துவிட்டது, பைலில் போட்டாச்சு. 'ஐ ஹேவ் பெய்ட் தி ஃபீஸ்' என்பது பேலன்ஸ் ஷீட். என்றைக்குக் கட்டினேன் என்பது அங்கே பேச்சே இல்லை. இன்றைய நிலவரம் என்ன? பாக்கி இல்லை, ஹால் டிக்கெட் கொடுங்க. பழைய செயலின் பலன் இன்றைக்குக் கணக்கில் நிற்கிறது என்று சொல்லத்தான் 'ஹேவ்'.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஆடிட்டர் ரிப்போர்ட்டைப் பாருங்கள். முதல் வரி 'வீ ஹேவ் ஆடிட்டட்' என்று ஆரம்பிக்கும். நாங்கள் தணிக்கை செய்தாகிவிட்டது, அதன் பலன்தான் இந்த அறிக்கை. கொஞ்சம் கீழே, தணிக்கையை எந்த விதிகளின்படி நடத்தினார்கள் என்று சொல்லும்போது 'வீ கண்டக்டட்' என்று மாறிவிடும். அது நடந்து முடிந்த வேலையைப் பற்றிய செய்தி. பிறகு, கிடைத்த ஆதாரம் போதுமானது என்று நம்புகிறோம் என்கிற இடத்தில் 'வீ பிலீவ்'. 'வீ ஆர் பிலீவிங்' இல்லை, கவனிக்கவும். ஒரே பக்கத்தில் மூன்று டென்ஸ், மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆடிட்டிங் பேப்பரில் இந்த ரிப்போர்ட்டை மனப்பாடம் செய்கிறோம், ஆங்கிலப் பேப்பரில் கட்டத்தை மனப்பாடம் செய்கிறோம். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இந்த இடத்தில் ஒருவர் வருவார்: "பேசிப் பேசித்தான் வரும் தம்பி, கிராமர் எல்லாம் வேஸ்ட்." பாதி உண்மை. வீட்டிலும் பள்ளியிலும் இங்கிலீஷ் காதில் விழுந்துகொண்டே இருப்பவனுக்கு அது பொருந்தும். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, காலேஜிலும் தமிழிலேயே பேசிப் பழகுகிற பையன் யாரோடு பேசிப் பேசிக் கற்றுக்கொள்வான்? அவனுக்குக் காரணம் சொல்லித்தான் ஆகணும்.

ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்றால், எங்க காலேஜுக்கு வேலைக்கு ஆள் எடுக்க வந்த ஒரு கம்பெனியின் நேர்முகத்தில் என் நண்பனை முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டார்கள். 'ஐயாம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' என்று ஆரம்பித்ததும் எதிரே இருந்தவர் சிரித்துவிட்டாராம். அதன் பிறகு இவன் வாயே திறக்கவில்லை. தேய்மானம், பேங்க் ரீகன்சிலியேஷன் எல்லாவற்றிலும் எங்க செட்டில் அவனை அடிக்க ஆள் கிடையாது, கணக்கில் ஒரு கேள்விகூட வரவில்லை. சொந்தம் என்பதற்குத் தமிழில் 'ஹேவ்' மாதிரி ஒரு வினைச்சொல்லே இல்லை, 'எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்காங்க' என்றுதான் சொல்ல முடியும். அந்த 'இருக்காங்க'தான் 'ஹேவிங்' ஆகி வந்தது. அமெரிக்காக்காரன் 'டிட் யூ ஈட் யெட்' என்றால் அது ஸ்டைல். 'ஹேவ் யூ ஈட்டன்' என்று கேட்கிற லண்டன்காரனுக்கு அது வித்தியாசமாகப் படலாம், ஆனால் வேலையை விட்டு அனுப்ப மாட்டான்.

அவனும் நானும் இப்போது சாயங்காலம் கேன்டீனில் உட்கார்ந்து தமிழ் வாக்கியம் எழுதி, அது எந்தப் பக்கம் போகும், வவுச்சரா பேலன்ஸ் ஷீட்டா என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். நேற்று வந்த சந்தேகம் 'மூணு வருஷமா இங்கே படிக்கிறேன்'. தமிழில் நிகழ்காலம், மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட என்ட்ரி, இன்னும் குளோஸ் ஆகவில்லை. 'ஹேவ் பீன் ஸ்டடியிங்' என்று அவனே எழுதிவிட்டான். 'சின்ஸ்' போடுவதா 'ஃபார்' போடுவதா என்பதில்தான் டீ ஆறிப்போச்சு.